தறி ஊர்களைச் சுற்றி வந்த கோச் - ஓவன் கோய்ல்

காஞ்சிபுரத்தில் மாங்காய் டிசைன் இல்லாத பட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பார்டரில் இருக்கும், முந்தானையில் இருக்கும், உடல் முழுக்கச் சின்னச் சின்ன புட்டாவாகவும் இறைந்து கிடக்கும். இதே மாங்காய்க்கு வெளிநாட்டில் உள்ள பெயர் 'பெய்ஸ்லி'. அது ஓர் ஊரின் பெயர். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைப் பார்த்துப் பார்த்து அந்த ஊர்த் தறிகளில் நெய்து தள்ளினார்கள். டிசைன் இங்கிருந்து போனது, பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது! (தையல்காரர்கள் வாங்கும் மதுரா கோட்ஸ் நூலில் இருக்கிற 'கோட்ஸ்' கூட அந்த ஊர் நூல் ஆலைக் குடும்பத்தின் பெயர்தான்.)

அந்தப் பெய்ஸ்லியில் 1966 ஜூலை 14 அன்று பிறந்தவர் ஓவன் கோய்ல். நெசவாளி அல்ல, கால்பந்துக்காரர். ஸ்காட்லாந்து கிளப்களிலும் இங்கிலாந்திலும் இருபது வருடம் ஆடிவிட்டு கோச் ஆனவர். 2019 டிசம்பரில், நம்ம ஊரிலிருந்து எழுபது எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து சேர்ந்தார். அடுத்த மூன்று மாதத்தில் நடந்தது, சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் எளிதில் மறக்காத கதை.

இத்தனைக்கும் அந்த சீசனில் அவர் கோப்பை எதுவும் வாங்கவில்லை. கோப்பை வாங்காத கோச்சைப் பற்றி எதற்கு இவ்வளவு பெரிய கட்டுரை? அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் அது புரியும். விழுந்து கிடக்கும் அணியைத் தூக்கி நிறுத்துவது ஒரு தொழில். நிறுத்திய அணியை வருடக்கணக்கில் நிற்க வைப்பது வேறு தொழில். கோய்லுக்கு முதல் தொழில் நன்றாகவே தெரியும். இரண்டாவதில்தான் சிக்கல்.

சனிக்கிழமை மூன்று மணி

கோய்ல் வேலை பார்த்த ஊர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். டண்டீ சணல் ஊர். நம் வங்காளத்துச் சணல் கப்பல் கப்பலாகப் போய் இறங்கிய இடம் அது. போல்டன் நூற்பு ஊர். பர்ன்லி, பிளாக்பர்ன் இரண்டும் நெசவு ஊர்கள். பிளாக்பர்னில் இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்வதற்கென்றே வேட்டி நெய்தார்கள். 1931-ல் காந்தி லண்டன் போனபோது அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்த தொழிலாளர்களைப் போய்ப் பார்த்தாரே, அது பிளாக்பர்னை ஒட்டிய டார்வென் பகுதியில்தான்.

இந்த ஊர்களில் கால்பந்து வேரூன்றியதற்கும் தறிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டப்படி ஜவுளி ஆலைகள் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேலையை நிறுத்த வேண்டும். கையில் வாரக் கூலி, எதிரே அரை நாள் ஓய்வு. மூன்று மணிக்கு மேட்ச்! ஆங்கிலேயக் கால்பந்தில் சனிக்கிழமை மூன்று மணி என்பது சம்பிரதாயமாக நிலைத்த கதை இதுதான். 1888-ல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது அதிலிருந்த 12 கிளப்களில் ஆறு, லங்காஷயர் என்ற இந்த வட்டாரத்திலிருந்து வந்தவை. அந்த 12-ல் மூன்று கிளப்களுக்கு (பர்ன்லி, போல்டன், பிளாக்பர்ன்) பிற்காலத்தில் கோச்சாக இருந்தவர் கோய்ல்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் பிழைப்புக்காக இந்த ஊர்களுக்கு இறங்கி வருவதும் பழைய வழக்கம். 1878-ல் கிளாஸ்கோவின் பார்டிக்கிலிருந்து டார்வெனுக்கு வந்து, பிறகு பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு மாறிய கல்தச்சர் ஃபெர்கஸ் சூட்டரை, பணத்துக்காக ஆடிய முதல் வீரர்களில் ஒருவர் என்பார்கள். அப்போது பணம் வாங்கி ஆடுவது விதிமீறல். 1885-ல்தான் அனுமதி வந்தது. ஆங்கிலேயர்கள் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் பாஸ் கொடுத்து ஆடினார்கள். அதனால்தான் அவர்களுக்குக் கிராக்கி.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அதே 1888-ல் சிம்லாவில் முதல் டூரண்ட் கோப்பை நடந்தது. இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணிகளுமே ஸ்காட்லாந்து ராணுவப் படைப்பிரிவுகள். ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் 2-1 என்று ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியை ஜெயித்தது. ஆக, ஸ்காட்லாந்துக்காரர் இந்தியாவுக்குக் கால்பந்தோடு வருவது 2019-ல் ஒன்றும் புதிதல்ல.

முன்கள வீரர் கோய்ல்

கோய்லின் பூர்வீகம் அயர்லாந்தின் டொனகால். வளர்ந்தது கிளாஸ்கோவின் கோர்பல்ஸ். டம்பார்டன் என்ற சின்ன கிளப்பில் அண்ணன்கள் ஜோ, டாமி இருவரோடும் சேர்ந்து ஆடித்தான் தொடங்கினார். பிறகு கிளைட்பேங்க், ஏர்ட்ரி. 1992-ல் ஏர்ட்ரி ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனது. எதிரே ரேஞ்சர்ஸ். 2-1 என்று தோற்றார்கள். கோய்ல் அன்று ஆடினார்.

1993-ல் போல்டனுக்கு மாறினார். அடுத்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பையில் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த போல்டன், எவர்ட்டனையும் நடப்புச் சாம்பியன் ஆர்சனலையும் வெளியே அனுப்பியது. இரண்டு அணிகளுக்கு எதிராகவும் கோய்ல் கோல் அடித்தார். அந்த 1994 ஏப்ரலில் அயர்லாந்து தேசிய அணியிலிருந்து அழைப்பு. ஹாலந்துக்கு எதிராகக் கடைசி சில நிமிடங்கள் மாற்று வீரராக இறங்கினார். அவர் யாருக்குப் பதில் இறங்கினார் தெரியுமா? டாமி கோய்ன்! கோய்ன் வெளியே, கோய்ல் உள்ளே. வர்ணனையாளர் பாடு திண்டாட்டமாகியிருக்கும். அவர் ஆடிய ஒரே சர்வதேச ஆட்டம் அதுதான்.

அவர் விளையாட்டு வாழ்க்கையில் ஒரே ஒரு நாளை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றால், அது 1995 மே 29. வெம்ப்ளி மைதானம். ஜெயிக்கும் அணிக்குப் பிரீமியர் லீக். பன்னிரண்டு நிமிடத்துக்குள்ளேயே ரெடிங் அணி 2-0 என்று முன்னிலை. அதோடு ஒரு பெனால்டியும் கிடைத்தது. 3-0 ஆகியிருந்தால் கதை முடிந்தது. போல்டன் கோல்கீப்பர் பிரானகன் அதைத் தடுத்தார். 75-வது நிமிடம் வரை போல்டனுக்கு ஒன்றுமில்லை. அப்போது தலையால் முட்டி ஒரு கோல் போட்டார் கோய்ல். 86-வது நிமிடத்தில் டி ஃப்ரெய்டாஸ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இன்னும் இரண்டு. கடைசியில் 4-3 என்று போல்டன் பிரீமியர் லீக்குக்குப் போனது.

அடுத்த வருடமே இன்னொன்று. ஸ்காட்லாந்து திரும்பி டண்டீ யுனைடெட்டில் ஆடிக்கொண்டிருந்தார். 1996-ல் மேல் பிரிவுக்கான பிளே-ஆஃபில் பார்டிக் திஸில் அணியோடு மோதல். தோற்கும் நிலையிலிருந்து கடைசி நிமிடத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள். அந்த வெற்றி கோலும் கோய்ல் அடித்ததுதான். பார்டிக் திஸில் என்ற பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மதர்வெல், டன்ஃபெர்ம்லின், ராஸ் கவுண்டி, மறுபடி ஏர்ட்ரி, ஃபால்கிர்க் என்று நிறைய ஊர்கள். எல்லாவற்றையும் எழுதினால் ரயில்வே கால அட்டவணை மாதிரி இருக்கும். ஃபால்கிர்க் மட்டும் முக்கியம். 2003-ல் அங்கே கோச் நடுவில் விலகிவிட, ஆடிக்கொண்டிருந்த கோய்லும் ஜான் ஹியூஸும் சேர்ந்து தற்காலிகப் பொறுப்பு எடுத்துக்கொண்டார்கள். லீக்கை ஜெயித்தும்விட்டார்கள். ஆனால் மேல் பிரிவுக்குப் போக முடியவில்லை! மைதானத்தில் 10,000 இருக்கைகள் வேண்டும் என்ற விதி. ஃபால்கிர்க் மைதானம் அதற்குத் தேறவில்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவனை, யூனிஃபார்ம் சரியில்லை என்று அதே வகுப்பில் உட்கார வைத்த கதை.

பர்ன்லி தந்த பெயர்

2005-ல் செயின்ட் ஜான்ஸ்டன் கிளப்புக்கு கோச் ஆனார். 2006-ல் ரேஞ்சர்ஸை அவர்கள் சொந்த மண்ணிலேயே 2-0 என்று தோற்கடித்தார். 2007 ஏப்ரலில் சீசனின் கடைசி நாள். தங்கள் ஆட்டத்தை 4-3 என்று ஜெயித்துவிட்டு செயின்ட் ஜான்ஸ்டன் வீரர்கள் மைதானத்திலேயே காத்திருந்தார்கள். வேறு ஊரில் ஆடிக்கொண்டிருந்த கிரெட்னா ஜெயிக்காமல் இருந்தால் பட்டம் இவர்களுக்கு. காயத்துக்காகச் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் கிரெட்னா ஒரு கோல் போட்டது. போயே போச்சு.

அந்த நவம்பரில் பர்ன்லி கூப்பிட்டது. பர்ன்லியின் மக்கள்தொகை முக்கால் லட்சம் சொச்சம். நம் காஞ்சிபுரத்தில் பாதிகூட இல்லை. 1976-க்குப் பிறகு மேல் பிரிவையே பார்க்காத கிளப். பணமும் கிடையாது. 2008-09 சீசனில் இந்த அணி 61 ஆட்டங்கள் ஆடியது. லீக் கோப்பையில் ஃபுல்ஹாம், செல்சி, ஆர்சனல் மூன்றையும் வெளியேற்றியது. அரையிறுதியில் டோட்டன்ஹாமிடம் முதல் ஆட்டம் 4-1 தோல்வி. அவ்வளவுதான் என்று எல்லோரும் முடிவு கட்டிய பிறகு, சொந்த ஊரில் 90 நிமிடத்தில் 3-0! மொத்தம் 4-4. கூடுதல் நேரமும் இப்படியே முடிந்தால் வெளியூரில் போட்ட கோல் கணக்கில் பர்ன்லிக்கு வெம்ப்ளி. இரண்டே நிமிடம் பாக்கி இருந்தபோது டோட்டன்ஹாம் ஒன்று, பிறகு இன்னொன்று போட்டது. எந்த அணியும் உடைந்து போயிருக்கும். பர்ன்லி உடையவில்லை. 2009 மே 25 அன்று பிளே-ஆஃப் இறுதியில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 1-0 என்று ஜெயித்து, 33 வருடம் கழித்து மேலே ஏறியது. ஆகஸ்டில் சொந்த ஊரில் முதல் ஆட்டம், எதிரே சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட். ராபி பிளேக் அடித்த ஒற்றை கோலில் 1-0.

அந்த ஊரில் கோய்லுக்குக் கோயில் கட்டாத குறை. ஆனால் 2010 ஜனவரியில், சீசன் பாதியில், பக்கத்து ஊர் போல்டனுக்குப் போய்விட்டார்! தான் ஆடிய கிளப், கூடுதல் வசதி, கூடுதல் பாதுகாப்பு. தொழில் கணக்கில் பார்த்தால் தப்பே சொல்ல முடியாது. ஒப்பந்தத்தை முறிக்க இழப்பீடும் கொடுக்கப்பட்டது. ஆனால் ரசிகர்களின் பேரேட்டில் இழப்பீட்டுக்கு வரவு எழுத இடமில்லையே. 'யூதாஸ்' என்று பேனர் பிடித்தார்கள். அவர் கிளம்பியபோது இறக்கப்படும் மூன்று இடங்களுக்கு மேலேதான் இருந்தது பர்ன்லி. சீசன் முடிவில் 18-வது இடம், மறுபடி கீழ்ப் பிரிவு.

இங்கே கோய்லை முழுக்க நியாயப்படுத்த முடியாது. கோச்சை நடு சீசனில் துரத்துவது கிளப்களின் வழக்கம், அப்படியிருக்க கோச் மட்டும் ஏன் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் பாவு தறியில் ஏறி, சேலை பாதி நெய்திருக்கும்போது எழுந்து போனால், அடுத்து உட்காருபவரின் கை வேறு. சேலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

போல்டனில் முதல் ஒன்றரை சீசன் நன்றாகவே போனது. 2011-ல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி வரை போய் ஸ்டோக்கிடம் 5-0 என்று நொறுங்கினார்கள். அதன்பிறகு சறுக்கல் நிற்கவில்லை. 2012 மார்ச் 17 அன்று டோட்டன்ஹாம் மைதானத்தில் போல்டனின் நடுக்கள வீரர் ஃபேப்ரிஸ் முவாம்பா ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. 78 நிமிடங்கள் கழித்துத்தான் மறுபடி தானாகத் துடித்தது. ஆட்டம் கைவிடப்பட்டது. ஆம்புலன்ஸில் கூடவே போனவர்கள் கேப்டன் கெவின் டேவிஸும் கோய்லும். முவாம்பா பிழைத்துக்கொண்டார். போல்டன் பிழைக்கவில்லை. மே 13 அன்று, ஒரே ஒரு புள்ளி குறைவால் கீழே இறக்கப்பட்டது. 11 வருட மேல் பிரிவு வாழ்க்கை முடிந்தது. அக்டோபரில் கோய்லுக்கும் வேலை போனது.

பிறகு வந்த ஐந்தாறு வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 2013-ல் விகன், ஆறு மாதம்கூட முழுசாக இல்லை. 2014 டிசம்பர் முதல் 2016 மே வரை அமெரிக்காவின் ஹூஸ்டன் டைனமோ, சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 2016-ல் பிளாக்பர்ன். இது சுத்தத் தலைவலி. பர்ன்லிக்கும் பிளாக்பர்னுக்கும் ஜென்மப் பகை. பழைய பர்ன்லி கோச் அங்கே போனால் வரவேற்பு எப்படி இருக்கும்? போதாக்குறைக்கு, 2010-ல் கிளப்பை வாங்கிய முதலாளிகளோடு ரசிகர்களுக்குப் பெரிய சண்டை. அந்த முதலாளிகள் யார் தெரியுமா? புனேயின் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் குடும்பம்! ஆக, சென்னைக்கு வருவதற்கு முன்பே கோய்ல் ஓர் இந்திய முதலாளியிடம் சம்பளம் வாங்கிவிட்டார். 2017 பிப்ரவரியில் அங்கிருந்தும் வெளியே. அடுத்து ராஸ் கவுண்டி, ஐந்தே மாதம். 2018 மார்ச்சில் அதுவும் முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்றே முக்கால் வருடம் எந்த அணிக்கும் அவர் கோச் இல்லை.

சென்னையில் 12 ஆட்டங்கள்

சென்னையின் எஃப்.சி. 2014-ல் தொடங்கிய கிளப். 2015-ல் மார்கோ மட்டராஸி கோச்சாக இருந்தபோது சாம்பியன். 2017-18-ல் ஜான் கிரிகோரி கோச்சாக இருந்தபோது மறுபடி சாம்பியன். கிரிகோரி இங்கிலாந்துக்காக ஆறு ஆட்டங்கள் ஆடிய மிட்ஃபீல்டர். கறாரான ஆள். ஆனால் அடுத்த சீசனிலேயே அணி கடைசி இடத்துக்குப் போனது. ஐ.எஸ்.எல்.லில் அன்று கீழே இறக்கும் ஏற்பாடு இல்லாததால் தப்பித்தார்கள். இங்கிலாந்தாக இருந்தால் ஒரு கடைசி இடத்துக்கே கிளப்பின் வரவு செலவு தலைகீழாகியிருக்கும்.

2019-20 சீசன் அதைவிட மோசமாகத் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில் ஹைதராபாத்துக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் 2-1. அடுத்து ஒடிஷாவோடு 2-2. ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி. கிரிகோரி விலகினார். டிசம்பர் முதல் வாரத்தில் கோய்ல் வந்தார்.

வந்தவுடன் மந்திரம் எதுவும் நடக்கவில்லை. ஜாம்ஷெட்பூரில் 1-1. சென்னையில் கேரளாவை 3-1 என்று ஜெயித்தது, கோவாவிடம் 4-3 என்று தோற்றது. 2020 ஜனவரி 6 அன்று ஒடிஷாவிடம் 2-0 தோல்வி. பத்து ஆட்டங்கள் முடிந்து ஒன்பது புள்ளி. மிச்சம் எட்டு ஆட்டங்கள். முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் அரையிறுதி. கணக்குப் போடத் தெரிந்த யாரும் அன்று சென்னைமீது பத்து ரூபாய் கட்டியிருக்க மாட்டார்கள்.

கோய்ல் செய்தது என்ன? அவர் கையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கிரிகோரி சேர்த்த ஆட்களே. பாவு கிரிகோரி போட்டது, நெய்தது கோய்ல். பின்னால் பதுங்கி நிற்காமல், எதிரணி பந்தை எடுத்த இடத்திலேயே போய் மறித்துப் பிடுங்குவது என்று ஆட்டத்தை முன்னால் தள்ளினார். பிரேசில்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோவுக்கு நடுவில் சுதந்திரம் கொடுத்தார். அவருடைய இடது கால் பாஸ்களை வாங்கிக்கொள்ள லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ், மால்டாவின் ஆண்ட்ரே ஷெம்ப்ரி, மிசோரமின் மின்னல் லாலியன்சுவாலா சாங்டே. இவர்கள் நான்கு பேரும் முன்னால் ஓட, பின்னால் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டுமே? நடுக்களத்தில் அனிருத் தாபாவும், முந்தின வருடம் சென்னை சிட்டியோடு ஐ-லீக் ஜெயித்துவிட்டு வந்த தமிழ்நாட்டு வீரர் எட்வின் வான்ஸ்பாலும் அந்த வேலையைப் பார்த்தார்கள். கோல் அடித்தவர்கள் பெயர்தான் செய்தியில் வரும். ஓடிய ஓட்டம் இவர்களுடையது.

ஜனவரி 10, ஹைதராபாத்தில் 3-1. பிறகு நார்த்ஈஸ்ட்டை 2-0. ஜாம்ஷெட்பூரை 4-1. பிப்ரவரி 1 அன்று கொச்சியில் கேரளாவை 6-3! கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்டே மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு. கேரளாவின் ஓக்பெச்சே ஹாட்ரிக் அடித்தும் பிரயோஜனமில்லை. பெங்களூருவோடு 0-0. கொல்கத்தாவில் ஏ.டி.கே.யை 3-1. கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் மும்பையை அவர்கள் ஊரிலேயே 1-0, அந்த கோலைப் போட்டவர் முன்னாள் மும்பை வீரரான கேப்டன் லூசியன் கோயான். கடைசியில் நார்த்ஈஸ்ட்டோடு 2-2. எட்டு ஆட்டங்களில் ஆறு வெற்றி, இரண்டு டிரா, 21 கோல்கள். முதல் பத்து ஆட்டங்களில் மொத்தமே 11 கோல்தான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 29 புள்ளிகளோடு நான்காவது இடம்.

அரையிறுதியில் லீக்கில் முதலிடம் பிடித்த கோவா. பிப்ரவரி 29 அன்று நேரு ஸ்டேடியத்தில் 4-1. மார்ச் 7 அன்று கோவா திருப்பி அடித்தது, 4-2. மொத்தத்தில் 6-5, நூலிழையில் சென்னை இறுதிக்குப் போனது.

2020 மார்ச் 14, ஃபடோர்டா மைதானம், கோவா. சென்னையும் ஏ.டி.கே.யும் ஆளுக்கு இரண்டு முறை சாம்பியன், மூன்றாவது யாருக்கு? ஆனால் பார்க்கத்தான் ஆள் இல்லை. கொரோனா வந்துவிட்டது. பூட்டிய மைதானத்தில் ஆட்டம். காலி நாற்காலிகளுக்கு முன்னால் பத்தாவது நிமிடத்தில் ஏ.டி.கே.யின் ஹாவி ஹெர்னாண்டஸ் ஒன்று போட்டார். இடைவேளை முடிந்ததும் எடு கார்சியா இன்னொன்று. 69-வது நிமிடத்தில் வால்ஸ்கிஸ் ஒன்றைத் திருப்பினார். 2-0-விலிருந்து 2-1. ஓவன் கோய்ல் இதற்கு முன்பும் இந்த இடத்தில் நின்றிருக்கிறார், 1995-ல், வெம்ப்ளியில், பந்தைத் தலையால் முட்டியவராக. இந்த முறை இரண்டாவது கோல் வரவில்லை. கடைசி நொடிகளில் ஹெர்னாண்டஸ் மறுபடி போட்டு 3-1 என்று முடித்தார். 15 கோல்கள் அடித்த வால்ஸ்கிஸுக்குத் தங்கக் காலணி கிடைத்தது. பத்து நாட்களில் நாடே பூட்டப்பட்டது. மூன்று மாதம் அப்படி ஆடிய அணியை, அதன் ரசிகர்கள் கடைசியாக ஒருமுறை ஸ்டேடியத்தில் நின்று கைதட்டி அனுப்பக்கூட முடியவில்லை.

மறுபடி தறி மாறுதல்

அந்த வருடமே கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். வால்ஸ்கிஸும் அதே கிளப்புக்கு! பர்ன்லிக்காரர்கள் 2010-ல் பட்டது சென்னைக்காரர்களுக்கு 2020-ல் புரிந்தது.

ஜாம்ஷெட்பூர் இரும்பு ஊர், பட்டியலில் மாறுபட்டது. 2021-22-ல் அங்கே 20 ஆட்டங்களில் 43 புள்ளி எடுத்து லீக் ஷீல்டை ஜெயித்தார். அந்த அணியின் நட்சத்திரம் கிரெக் ஸ்டூவர்ட், அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். ஷீல்டை உறுதி செய்த வெற்றி 2022 மார்ச் 7 அன்று வந்தது. இடம் அதே ஃபடோர்டா. கொரோனா விதிகளால் அன்றும் கேலரி காலி! பிளே-ஆஃபில் கேரளாவிடம் தோற்றார்கள். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று ஊர் திரும்பினார்.

அங்கே குயின்ஸ் பார்க் காத்திருந்தது. 1867-ல் தொடங்கிய, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப். 1872-ல் நடந்த உலகின் முதல் சர்வதேசக் கால்பந்தாட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு ஆடிய 11 பேரும் இந்தக் கிளப்காரர்கள். பாஸ் கொடுத்து ஆடும் கலை வளர்ந்த வீடு. 2019 வரை வீரர்களுக்குச் சம்பளமே கொடுக்காத பிடிவாதக்கார கிளப்பும்கூட. 2023 மே மாதம், சீசனின் கடைசி ஆட்டத்தில் டண்டீயை ஜெயித்தால் பட்டமும் மேல் பிரிவும். 5-3 என்று தோற்றது. இன்னொரு வாய்ப்பாகப் பிளே-ஆஃப் இருந்தது. அதில் வாரிப் போட்டவர்கள், ஞாபகம் இருக்கிறதா, பார்டிக் திஸில்! இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 8-3. 1996 கணக்கு வட்டியோடு தீர்ந்தது. கோய்ல் ராஜினாமா செய்தார்.

2023 ஜூலையில் சென்னையின் எஃப்.சி. அவரை மறுபடி கூப்பிட்டது. இந்த முறை சீசன் தொடக்கத்திலிருந்தே அணி அவர் கையில். ஆள் எடுப்பது முதல் ஆட வைப்பது வரை பேச உரிமை உண்டு. 2023-24-ல் 22 ஆட்டங்களில் 27 புள்ளி எடுத்து ஆறாவது இடம், பிளே-ஆஃபில் கோவாவிடம் 2-1 என்று வெளியே. பரவாயில்லை என்று எல்லோரும் அடுத்த சீசனுக்குக் காத்திருந்தார்கள். 2024-25-ல் எடுத்ததும் அதே 27 புள்ளிதான், ஆனால் 24 ஆட்டங்களில். 13 அணிகளில் 11-வது இடம். 2025-ல் கிளப்பும் அவரும் பிரிந்தார்கள்.

முதல் தடவை, ஐந்து புள்ளியோடு கிடந்த, தான் சேர்க்காத அணியை வாங்கிக்கொண்டு அவர் ஆடவைத்த லீக் ஆட்டங்கள் 12. அதில் வந்த புள்ளிகள் 24.